புது பேட்டரியும் இறங்கிவிடுகிறது: ஆல்டர்னேட்டர்தான் காரணமா?

புது பேட்டரி போட்டும் மூன்றாம் நாள் வண்டி கிளம்பவில்லை, எஞ்சின் ஓடும்போது பேட்டரி விளக்கு இரவில் மட்டும் மங்கலாக எரிவதுபோல் தெரிகிறது, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் அந்த மங்கலான விளக்கைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

பழைய வகை வண்டிகளில் அந்த விளக்கின் ஒரு பக்கம் சாவி வழியாக பேட்டரியோடும், மறுபக்கம் ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே வோல்ட்டுக்கு வந்துவிடுவதால் விளக்கு அணைகிறது. அது முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஆல்டர்னேட்டர் எதுவும் தரவில்லை என்று கொள்ளலாம். மங்கலாக எரிந்தால், மின்சாரம் உற்பத்தியாகிறது, ஆனால் இரு பக்கத்துக்கும் இடையே சிறு வித்தியாசம் இருக்கிறது. கம்ப்யூட்டர் இயக்கும் புதிய வண்டி விளக்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்தோ பளபளவென்று தேய்ந்தோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில், நல்ல நிலையிலுள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்திய நிலையில் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5-க்கும் 14.7-க்கும் இடையே வர வேண்டும். லைட்டுகளைப் போடாமல் அளக்காதீர்கள். எரிபொருள் சிக்கனத்துக்காக வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும் வண்டிகளில் அது வீணாகப் பயமுறுத்தும். 15-ஐத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது.

பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான், பேட்டரியில் 12.4 என்று பார்த்தவுடன் ஆல்டர்னேட்டரை மாற்றினேன்; மறுநாளும் அதே 12.4. அதன் பிறகே ஆல்டர்னேட்டரின் பின்புறம் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டில் மீட்டரை வைத்தேன், அங்கே 14.4 இருந்தது. வழியில் 2 வோல்ட் காணாமல் போயிருந்தது. வயரின் நுனியில் போல்ட்டோடு இணையும் உலோக வளையமான லக்கைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை ஒதுக்கிப் பார்த்தால், செப்பு இழைகள் பச்சைக் களிம்பு பிடித்து, விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தன. வெளியிலிருந்து பார்க்க அந்த வயர் புதியதுபோலவே இருந்தது.

ஆகவே, லைட்டுகளை எரியவிட்டு எஞ்சின் ஓடும்போதே, மீட்டரின் ஒரு முனையை அந்த போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிலோ, லக்கிலோ, இடையிலுள்ள பெரிய ஃபியூஸிலோதான் கோளாறு. அதேபோல் ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்கு மேல் இருந்தால் எர்த், அதாவது மின்சாரம் எஞ்சின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை. அந்த போல்ட்டில் சாவி அணைந்திருந்தாலும் பேட்டரியின் மின்சாரம் நேராக நிற்கும். ஸ்பேனர் ஒன்று அதையும் எஞ்சினையும் சேர்த்துத் தொட்டால் தீப்பொறி பறக்கும். எனவே எதையும் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள்.

ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும்.

வயர்கள் சரியாக இருந்தும் விளக்கு மங்கலாகவே எரிந்தால் டயோடைச் சந்தேகியுங்கள்; ஆல்டர்னேட்டருக்குள் உருவாகும் ஏ.சி. மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டி.சி.யாக மாற்றி, ஒரே திசையில் மட்டும் விடும் பாகம் அது. மீட்டரை ஏ.சி. அளவுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பாருங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு போயிருக்கிறது. அந்த டயோடு கசிந்தால், வண்டி நிற்கும் இரவிலும் பேட்டரியிலிருந்து மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குள் திரும்பி ஓடும், உங்கள் மூன்றாம் நாள் கணக்குக்கும் அது பொருந்தும். அப்போது ஆல்டர்னேட்டரைக் கழற்றலாம், அப்போதும் டயோடு பிளேட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.