கோடை விடுமுறையில் கடல் படிக்க ஆசையா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

ஏப்ரல் பிறந்தாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி கோடை முகாம் பற்றியதாக இருக்கும். இந்த வருடம் பிள்ளைகளைக் கடல் பக்கம் அனுப்பலாமா என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ராமநாதபுரம் கரையில் பல வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு எட்டு வயது. மூன்று நாள் கடல் அறிவியல் முகாம் ஒன்றின் நோட்டீஸ் பார்த்தேன். படகுச் சவாரி, கேம்ப் ஃபயர், சான்றிதழ் எல்லாம் உண்டாம். அனுப்பலாமா? (மதுரையிலிருந்து ஓர் அம்மா)

நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு, நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் கரையில் எத்தனை மணிக்கு இறங்குவார்கள், எத்தனை மணிக்கு ஏறுவார்கள்? மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது, கரை நண்டுகூட வளைக்குள் போய்ப் படுத்துவிடும். விடியும்போது இறங்கி எட்டரைக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுகிற முகாம்தான் கடல் தெரிந்தவர்கள் நடத்துகிற முகாம்.

அப்புறம் அட்டவணையைப் பாருங்கள். கடல் ஏறி வற்றுகிற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். மூன்று நாளும் ஒரே நேரத்துக்கு ‘பாறைக்குளம் பார்த்தல்’ (கடல் வற்றும்போது பாறை இடுக்கில் தேங்கும் குட்டையைப் பார்ப்பது) என்று போட்டிருந்தால் அவர்கள் கடலைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேட்டு அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், குஜராத் பக்கம் போலக் கடல் வெகுதூரம் உள்வாங்கிப் போகாது. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் காலையிலோ மாலையிலோ விழுகிறதா என்று பார்த்துப் போவது நல்லது.

போன வருடம் ஒரு சின்னப் பையன் மண்டபம் என்ற கடலோர ஊர்ப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக் குட்டை ஒன்றின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். உள்ளே ஒரு துறவி நண்டு. முதுகில் இருந்த சங்கு அதற்குச் சிறிதாகிவிட்டது, பக்கத்தில் ஒரு காலிச் சங்கு கிடந்தது. நண்டு அதன் வாயைக் கொடுக்கால் தடவிப் பார்த்தது, உருட்டியது, விலகிப் போனது, திரும்பி வந்தது. கடைசியில் கண்ணிமைக்கும் நேரத்தில் பழைய சங்கிலிருந்து உருவிப் புதிதுக்குள் பின்பக்கமாக நுழைந்துகொண்டது. அந்த ஒரு நொடிக்காக அவன் அரை மணி நேரம் அசையாமல் இருந்தான். படகுக்கு நேரமாகிவிட்டது என்று யாராவது அவனை எழுப்பியிருந்தால் அது போயிருக்கும்.

எட்டு வயதுக்கு இரவு தங்கல் அவசியமே இல்லை, நீங்களே கூட வந்து இரண்டு நாள் காலையில் கடலைக் காட்டினால் போதும். காரங்காடு என்ற ஊரில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள், அங்கே காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறியபிறகு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன் காட்சியகத்தைக் காட்டுங்கள். 1947-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையிடம் ஆரம்ப காலத்தில் பல வருடம் மண்டபத்தில்தான் இருந்தது.

மே மாத லீவில் சென்னையில் கடல் ஆமை பார்க்க முடியுமா? (எட்டாம் வகுப்பு மாணவன், திருச்சி)

தாய் ஆமை முட்டையிட வருவதைப் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு தம்பி. நம் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் அதற்குச் சரியான காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். மார்ச்சில் இட்ட முட்டையைக் கணக்குப் போட்டுப் பார், ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்கலாம். சென்னையில் 1988 முதல் மாணவர்களே ஓர் அமைப்பு வைத்து இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அடுத்த ஜனவரியில் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு அவர்களுடன் நடந்து பார். டார்ச், செல்போன் வெளிச்சம் எதையும் குஞ்சின் பக்கம் காட்டாதே. அது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறது.

தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் நான். என் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலே பார்த்ததில்லை, கூட்டிப் போகப் பணமும் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

சார், உங்கள் கடிதத்தைத்தான் நான் முதலில் எடுத்து வைத்தேன். கடல் உங்கள் ஊருக்குத் தினமும் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குகிறது, மீன் கடையிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கத்தாளை மீன் தலை நாலைந்து வாங்கி வேகவையுங்கள். மண்டை ஓட்டை மெதுவாகப் பிளந்தால் மூளைக்குப் பின்புறம் இரண்டு பக்கமும் பல் போல வெள்ளையாக, வழுவழுவென்று ஒவ்வொரு கல் இருக்கும். அதுதான் காதுக்கல். மீன் தண்ணீரில் நிலை தடுமாறாமல் இருப்பதும் சத்தம் உணர்வதும் இதை வைத்துத்தான். மரத்தில் வளையம் போல மீன் வளர வளர இதிலும் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு படியும். மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடுகள் தெரியும். வெப்பக் கடல் மீனில் இத்தனை கோடு இத்தனை வருடம் என்று லேசில் சொல்ல முடியாது, அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கெளுத்தியின் கல்லையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கல்லைப் பார்த்தே மீனைச் சொல்லிவிடலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். ஆகவே மே மாதம் உங்கள் ஊர்க் கடைக்கு வருகிற மத்தி எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறது என்று மீன்கார அம்மாவிடம் பிள்ளைகளே கேட்டு எழுதி வரட்டும். விலை எப்போது ஏறியது, எந்த மீன் காணாமல் போனது, எது புதிதாக வந்தது என்று வாரம் ஒரு நாள் குறித்தால் லீவு முடிந்து வரும்போது சுவரில் ஒட்ட ஒரு நல்ல வரைபடம் கையில் இருக்கும்.

கடலோரத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு லிட்டர் கடல் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். வடிகட்டிக் கொதிக்கவைத்து முழுக்கச் சுண்ட விட்டால் 35 கிராமை ஒட்டி உப்பு நிற்கும். ஆற்று முகத்துவாரம் பக்கம் எடுத்த தண்ணீர் என்றால் குறையும், ஏன் குறைகிறது என்பதே ஒரு பாடம்.

உங்களுக்கென்று நான் கேட்பது ஒன்று. மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டு நாள் ஒரு மீனவ ஊரில் போய் இருங்கள். அனுபவமுள்ள ஒரு மீனவரிடம் வாடை (வடக்குக் காற்று), கொண்டல் (கிழக்குக் காற்று), கச்சான் (தென்மேற்குக் காற்று) என்று காற்றுக்குக் காற்று எந்த மீன் வரும் என்று கேளுங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கட்டாயம் கொடுங்கள். பேராசிரியர் வந்து பேசினால் பணம் கொடுக்கிறோம், இவருக்கும் அதே மரியாதை வேண்டும்.

முகாமுக்குப் போன என் மகன் பை நிறையச் சங்கும் ஒரு பவளத் துண்டும் கொண்டுவந்தான். இது குற்றம் என்கிறார்களே? (சேலம்)

பவளம் குற்றம்தான். பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்துக் காய்ந்த துண்டு என்றாலும் சட்டம் ஒன்றுதான். சிப்பி சங்கிலும் சில வகைக்குத் தடை உண்டு. பிள்ளைக்கு எது எது என்று தெரியாது, ஆகவே எதையும் எடுக்காமல் வருவதே சரி. காலிச் சங்கு நமக்கு அலங்காரம், மேலே சொன்ன துறவி நண்டுக்கு அது வீடு. பையனைத் திட்டாதீர்கள். கூட்டிப்போன பெரியவர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது, “நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லிக் கூட்டிப் போகிறவர்களை நம்பாதீர்கள்.

கடலில் சொறி (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் என்ன செய்வது? (இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்)

தேய்க்காதீர்கள், மணல் போட்டும் துடைக்காதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் கொட்டும் அணுக்கள் இன்னும் வெடிக்கும். மூச்சுத் திணறல், வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. படகில் எல்லோருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா, பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மே கடைசியில் கச்சான் பலத்தால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) குளம் போலக் கிடக்கும். அன்றைக்கு எந்தப் பக்கம் போவது என்பதை ஊர்க்காரர் சொல்லட்டும்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். கடல் உயிரியல் படிக்க ஆசை. நீச்சல் தெரியாது, அப்பாவுக்கும் விருப்பமில்லை. ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது) வகுப்பில் சேர்ந்தால் உதவுமா? (மாணவி, விருதுநகர்)

இந்த லீவில் ஸ்கூபாவுக்குச் செலவு செய்யாதே, அந்தப் பணத்தில் நீச்சல் கற்றுக்கொள். கடல் ஆராய்ச்சி செய்கிறவர்களில் பலருக்கு வேலை நுண்ணோக்கி முன்னாலும் கணினி முன்னாலும்தான். மீன்வள அறிவியல் நான்கு வருடப் பட்டப்படிப்பு, உன் ஊருக்குப் பக்கத்தில் தூத்துக்குடியிலேயே 1977 முதல் அதற்குக் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில். கடல் உயிரியலில் மேற்படிப்பு என்றால் வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம் உண்டு. அப்பாவை ஒரு நாள் தூத்துக்குடிக் கல்லூரிக்குக் கூட்டிப் போ, அங்கே படிக்கிற பெண்களோடு அவரே பேசட்டும்.

கடலோரத்தில் உறவினர் வீடு இருந்தால் அங்கே பத்து நாள் தங்கு. கரையில் 50 அடி அளந்து இரண்டு குச்சி நட்டு, தினமும் காலை ஒரே நேரத்தில் அதற்குள் இருப்பதை எல்லாம் நோட்டில் எழுது. நண்டு வளை எத்தனை, கடற்புல் ஒதுங்கியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம், பிளாஸ்டிக் என்னென்ன. பத்து நாள் முடிந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்பு, நான் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.