வயிற்றுக்குள் கட்டி இருந்து ரத்தம் கசிந்தால் வெளியே எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் நாலு மாதம் தெரியவே இல்லை. தெரிந்ததையும் வேறு கணக்கில் எழுதிவிட்டோம்.

கோத்தகிரிப் பக்கம், சரிவில் வீடு. தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து ரோடு வரைக்கும் ஏற்றுகிற அப்பா, போன வருஷம் பாதி வழியில் சுமையை இறக்கிவிட்டு உட்கார ஆரம்பித்தார். கேட்டால், "மேடு ஏறினா யாருக்குத்தான்டா மூச்சு வாங்காது?" அறுபது வயசு, பனி, வெறும் வயிற்றில் டீ. காரணத்துக்கா பஞ்சம்? கிளினிக்கில் கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள். இருந்த ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. இதில் மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கி விழுங்கிய மாத்திரை வேறு. வலி மாத்திரைகளில் பல, கசிவைக் கூட்டக்கூடியவை.

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைத் தெரிந்து வைத்திருந்ததுதான் எங்களுக்கு வினையானது. கடைசியில் பிடித்தது அம்மா. "ரெண்டு வாளி ஊத்தியும் போகலடா. தாரு மாதிரி ஒட்டுது, வாடையும் ஒரு மாதிரி." மாத்திரைக் கறுப்பு இப்படி ஒட்டாது, இந்த நாற்றமும் இருக்காது. இரைப்பையில் கசியும் ரத்தம் அமிலத்தில் கறுத்து, குடல் முழுக்க செரித்து வருவதால்தான் அந்தப் பிசுபிசுப்பு. சிவப்பாக வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அன்றைக்கு ஹீமோகுளோபின் 5.2, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போகும்வரை அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். கொழுந்துக் கறை ஏறிய விரல்களில் நகம் மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி, சி.டி. ஸ்கேன் எல்லாம் பார்த்து 'ஜிஸ்ட்' என்றார்கள். இரைப்பை, குடல் சுவருக்குள்ளிருந்து கிளம்பும் ஒருவகைப் புற்றுக்கட்டி, அப்பாவுக்கு இரைப்பையில். அது உள்பக்கம் புண்ணாகிக் கசிந்திருக்கிறது. அதுவே வெளிப்பக்கம் வளர்ந்து வெடித்திருந்தால் ரத்தம் வயிற்றறைக்குள் கொட்டியிருக்கும், கறுப்பு மலமோ ரத்த வாந்தியோ இல்லாமலே போயிருக்கலாம் என்றார் சர்ஜன். திடீர் வலி, வயிறு பலகையாய் இறுகுவது, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், சிலருக்குத் தோள்பட்டையில் வலி. இதெல்லாம் வந்தால் கஷாயம் போடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் வண்டி வருவதற்கே நேரமாகும்.

கட்டியோடு இரைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். கட்டி திரும்ப வராமலிருக்க இப்போது இமாடினிப் மாத்திரை 400 மி.கி., தினம் ஒன்று, மூன்று வருஷத்துக்கு. முதலில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அமெரிக்காவில் 2002-லிருந்து இந்தக் கட்டிக்கும் அனுமதி. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கண்ணைச் சுற்றி வீங்குவது சகஜமாம். காலையில் அப்பா எழுந்து வந்ததும் அம்மா தினமும் கேட்கிறார், "ராத்திரி பூரா அழுதீங்களா?"