டிஸ்கவரிக்கு வயதாகிவிட்டதா? – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்காவின் விண்ணோடங்கள் (ஸ்பேஸ் ஷட்டில்) பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒவ்வொரு ஓடமும் நூறு முறை பறக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறீர்கள். டிஸ்கவரி 39 முறைதான் போய்வந்தது, எண்டெவர் வெறும் 25. பாதி ஆயுள்கூட முடியாத ஓடங்களை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டு, ஒன்பது வருடம் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் காசு கொடுத்து இடம் வாங்கியது வீண் இல்லையா? இரண்டு விபத்துக்காகப் பயந்து எடுத்த முடிவாகத்தான் எனக்குப் படுகிறது.

ர.

அன்புள்ள ர.,

நூறு என்பது காகிதத்தில் போட்ட கணக்கு. சேலஞ்சர் ஓடம் வெடித்துச் சிதறியது அதன் பத்தாவது பயணத்தில், 1986 ஜனவரியில். அதற்கு என்ன வயதாகியிருந்தது? எத்தனை முறை பறந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தால் விஷயம் பிடிபடாது.

கோளாறு அமைப்பிலேயே இருந்தது. சோயுஸில் ஆட்கள் ராக்கெட்டின் உச்சியில் இருப்பார்கள். மேலிருந்து விழ எதுவும் கிடையாது, கீழே ராக்கெட் சொதப்பினால் கலம் கழன்று தப்பிவிடும். 2018 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது, இரண்டு பேரும் உயிரோடு இறங்கினார்கள். விண்ணோடமோ பெரிய எரிபொருள் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போகும். தொட்டியிலிருந்து எது பெயர்ந்தாலும் ஓடத்தின் மேல்தான். பக்கங்களில் இருக்கும் திட எரிபொருள் ராக்கெட்டுகள் எரியும் முதல் இரண்டு நிமிடம் தப்ப வழியே இல்லை.

1988 டிசம்பரில் அட்லாண்டிஸுக்கு நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். ஏறும்போது பக்க ராக்கெட்டின் நுனியிலிருந்து பெயர்ந்த காப்புப்பொருள் அடித்து எழுநூறுக்கும் மேற்பட்ட வெப்பக் காப்பு ஓடுகள் சேதமாகின, ஒன்று முழுசாகவே காணாமல் போனது. அந்த இடத்துக்கு அடியில் ஆன்டெனாவுக்கான கனத்த உலோகத் தகடு இருந்ததால் பிழைத்தார்கள். வேறு இடமாக இருந்திருந்தால்? தளபதி கிப்சன் ரோபோ கையின் கேமராவில் பார்த்துவிட்டு இனி பிழைக்கமாட்டோம் என்றே நினைத்தாராம். தரையில் இருந்தவர்களோ, வந்த மங்கலான படத்தைப் பார்த்துப் பெரிய சேதமில்லை என்றார்கள். ஓடம் திரும்பி வந்தது, அப்புறம் எல்லாம் பழையபடி.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தொட்டியைப் போர்த்தியிருக்கும் காப்பு நுரை பெயர்வது வழக்கமாகிவிட்டது, போன தடவையும் பெயர்ந்தது, ஒன்றும் ஆகவில்லையே என்று பழகிவிட்டார்கள். 2003 ஜனவரியில் கொலம்பியா கிளம்பி 82 நொடி ஆனபோது முக்கால் கிலோ நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. சுற்றுப்பாதையில் இருக்கும் ஓடத்தைப் படம் எடுத்துப் பார்க்கலாமே என்று பொறியாளர்கள் கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் அதைத் தொடரவில்லை. பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போன பிறகு, அதே மாதிரி நுரையை அதே வேகத்தில் இறக்கைப் பலகையில் அடித்துப் பார்த்தார்கள். சுமார் நாற்பது சென்டிமீட்டருக்கு ஓட்டை விழுந்தது.

அதன்பின் ஜாக்கிரதையாகத்தான் பறந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எப்படி? 2009இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க அட்லாண்டிஸ் போனபோது, ஏதாவது ஆனால் மீட்டு வர எண்டெவரை இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நிறுத்தியிருந்தார்கள். 2011 ஜூலையில் கடைசிப் பயணத்துக்கு அப்படித் துணை ஓடம் இல்லை, அதனால் நான்கு பேரை மட்டும் அனுப்பினார்கள். ஓடம் சேதமானால் அவர்கள் விண்வெளி நிலையத்தில் தங்கி, சோயுஸில் ஒவ்வொருவராகத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். ஒரு வண்டியை ஓட்ட இன்னொரு வண்டி காத்துக்கிடக்க வேண்டும் என்றால் அதை எத்தனை நாள் ஓட்டுவது? 2010க்கு மேலும் பறப்பதானால் மொத்த அமைப்பையும் மறுபடி சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்று கொலம்பியா விபத்தின் விசாரணைக் குழுவே சொல்லிவிட்டது. பயந்த முடிவு என்கிறீர்கள், தாமதமான முடிவு என்பேன் நான்.

ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது சரி. மாற்று வாகனம் தயாராகாமலே நிறுத்தியது மோசமான திட்டமிடல், அந்த ஒன்பது வருடத்துக்கு யாரும் நல்ல பதில் சொல்லவில்லை.

மறுபடி மறுபடி பயன்படுத்துவதில் தப்பில்லை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இப்போதைய டிராகன் கலமும் திரும்பத் திரும்பப் பறக்கிறது, ஆனால் ராக்கெட்டின் தலையில் உட்கார்ந்து, தப்பிக்கும் எஞ்சின்களோடு. அதற்கு முதலில் கொடுத்த வரம்பு ஐந்து பயணம். அதைக் கூட்டும் பேச்சு, பறந்து வந்த கலங்களின் பாகங்களைச் சோதித்த பிறகுதான் வந்தது.