மாதக்கடைசிக் கணக்கு

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டதை நம்பி ‘உம்பெர்த்தோ டி.’ என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாகிறது, மனசு இன்னும் கனக்கிறது. என் அப்பா பனியன் கம்பெனி ஒன்றில் வேலைபார்த்துச் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவர். படம் முழுக்க அவர் முகம்தான் தெரிந்தது. வாழ்க்கையில் இல்லாத சோகமா, படத்திலும் எதற்கு என்று மனைவி கேட்கிறாள். கொஞ்சம் நம்பிக்கை தரும்படி முடிக்கக் கூடாதா? தமிழில் சோகப்படம் என்றால் கடைசியில் யாராவது செத்தே ஆகவேண்டுமா? இந்த வகையில் பார்க்கவேண்டிய பத்துப் படங்களின் பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

க., திருப்பூர்

*

அன்புள்ள தம்பி,

நம்பிக்கை தரும்படி முடிக்கக் கூடாதா என்ற கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். 1952இல் படம் வெளிவந்தபோது இத்தாலிய அரசில் சினிமாவைக் கவனித்துக்கொண்டிருந்த ஜூலியோ ஆந்த்ரேயோத்தி. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலி இப்படித்தான் இருக்கிறது என்று உலகம் நினைத்துக்கொண்டால், படத்தின் இயக்குநர் தெ சிகா தாய்நாட்டுக்குக் கெடுதல் செய்தவராவார் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். ஆரோக்கியமான நம்பிக்கையைக் காட்டுங்கள் என்றார். படமோ ஓய்வூதியத்தை உயர்த்தக் கேட்டுக் கிழவர்கள் ஊர்வலம் போவதில் தொடங்குகிறது. போலீஸ் வந்து கலைக்கிறது. அந்தக் கிழவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அரசின் ஆள், இயக்குநரிடம் போய் நம்பிக்கை கேட்கிறார்! பின்னாளில் பல முறை பிரதமராகவும் இருந்தார். உங்கள் கேள்வி யாருடைய வாயிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

உங்கள் மனைவிக்குப் பிடிக்காவிட்டால் பார்க்கவேண்டாம், விடுங்கள். சோகப்படம் பார்ப்பது சஷ்டி விரதமா என்ன, வீட்டோடு இருப்பதற்கு?

நான் சொல்லவந்தது வேறு. அந்தப் படத்தின் நாயகன், ஓய்வூதியத்தில் வாழும் கிழவர் உம்பெர்த்தோ, வாழ்க்கையைப் பற்றி ஒரு தத்துவமும் பேசுவதில்லை. அவருக்கு வாடகை பாக்கி 15,000 லிரா. அவ்வளவுதான் கதை. கைக்கடிகாரத்தை விற்கிறார், புத்தகங்களை விற்கிறார், சேர்ந்ததைக் கொண்டுபோய் நீட்டுகிறார். முழுசாகக் கொடு, இல்லையென்றால் காலிசெய் என்கிறாள் வீட்டுக்காரி. அவர் இல்லாத நேரத்தில் அதே அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறவள் அவள். நம்பிக்கை ஒரு நாளில் போவதில்லை, தம்பி. விற்க இன்னும் என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

நம் படங்களில் நான் குறைசொல்வது இதைத்தான். தாடி வளர்கிறது, பாட்டில் திறக்கிறது, மழை கொட்டுகிறது. எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி என்று கேட்டால் இயக்குநருக்கே தெரியாது. தொகை தெரியாத துயரத்தில் எப்படி அழுவது? நீங்களோ கடைசியில் யார் செத்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். சாகட்டும், சாகாமல் இருக்கட்டும். எதனால் என்று காட்டினானா, அதைப் பாருங்கள்.

அந்தப் பிச்சையெடுக்கும் காட்சி நினைவிருக்கிறதா? கிழவர் கையை மெல்ல நீட்டுகிறார். யாரோ காசு போட வரும் நொடியில், மழை தூறுகிறதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைக் கவிழ்த்துவிடுகிறார். அடுத்துத் தன் வளர்ப்பு நாயின் வாயில் தொப்பியைக் கொடுத்து நிற்கவைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். நடித்த கார்லோ பத்திஸ்தி நடிகர் அல்ல, மொழியியல் பேராசிரியர். அந்தக் கை கவிழ்வதை நான் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் ஓய்வூதிய உத்தரவு ஏதோ ஒரு மேஜையில் நெடுநாள் கிடந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் அவருடைய கணக்கு நோட்டு. பால், வாடகை, மளிகை, என் பீஸ். கீழே கோடு போட்டு, துண்டு விழுந்த தொகையை எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அந்த நாள்களில் அவர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பத்திரிகை வந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், “கண்டிப்பா வரேன்” என்பார், அன்று காலையில் உடம்பு சரியில்லை என்று படுத்துவிடுவார். மொய் எழுதப் பணமில்லை என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கூப்பிட்டவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவராக ஒரு நாளும் சொன்னதில்லை. சொந்த அண்ணன் மகள் கல்யாணத்தன்றுகூடப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அம்மா நிஜமாகவே கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அவரும் குடித்தார்.

இப்போது உங்களிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். படம் முழுக்க அப்பா முகம் தெரிந்தது என்கிறீர்கள். அவர் அடுத்த அறையில்தானே இருக்கிறார்? அவருக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டீர்களா? வருங்கால வைப்பு நிதியில் வரும் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். உங்கள் அப்பாவுக்கு அதாவது வருகிறதா? மாத்திரைக்கு யார் கொடுக்கிறார்கள்? டீக்கடைக்குப் போகிறாரா, நிறுத்திவிட்டாரா? ஒரு வாரமாக மனசு கனக்கிறது என்று எனக்கு எழுத நேரமிருக்கிறது உங்களுக்கு.

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். கிழவர் நாயையும் தூக்கிக்கொண்டு சாகப்போன இடத்தில் அது திமிறி ஓடிவிடுகிறது. பிறகு அவரை நம்பாமல் தள்ளியே நிற்கிறது. பைன்காயைக் காட்டிக் காட்டி அதைத் திரும்ப விளையாட வரவழைக்கிறார். கடன் அடையவில்லை, அறையும் கிடைக்கவில்லை. பொய்சொல்லாத ஆள் இதற்குமேல் என்ன நம்பிக்கை தருவான்?

பட்டியல் கிடையாது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ மட்டும் பாருங்கள், 1988இல் வந்தது. அதிலும் தாத்தா சாகிறார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடன், மனை, சிமெண்ட் மூட்டை, எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அதில் வரும் கான்ட்ராக்டரைப் பார்த்து அவர் திட்ட ஆரம்பிப்பார், குறுக்கே பேசாதீர்கள். படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். முதல் தடவை பொய்தான் சொல்வார். இன்னொரு தடவை கேளுங்கள்.