ஒரே எடையுள்ள மூலக்கூறுகளில் ஒன்று வாயுவாகவும் இன்னொன்று திரவமாகவும் இருப்பது ஏன்?

மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை என்றால் என்ன, எடை கூடினால் கொதிநிலை கூடும் என்ற கணக்குக்குத் தண்ணீர் மட்டும் ஏன் அடங்க மறுக்கிறது என்று ஒரு பதினோராம் வகுப்பு மாணவர் கேட்டிருக்கிறார். நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் சால்வென்ட் ரெகவரி பிரிவில் இருக்கிறேன். பயன்படுத்தி முடித்த கரைப்பான்களைக் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுப்பதுதான் வேலை. எங்களுக்குச் சோறு போடுவதே கொதிநிலை வித்தியாசம்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரெட் லைட்டரில் இருக்கும் பியூட்டேன், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன், சானிடைசரில் போடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (ஆலையில் எல்லோருக்கும் அது ஐபிஏ). மூலக்கூறு நிறை முறையே 58, 58, 60. எடையில் வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேயே கொதித்துவிடும். அசிட்டோனுக்கு 56 டிகிரி வேண்டும், ஐபிஏவுக்கு 82.

பியூட்டேனில் மின்சுமை எந்தப் பக்கமும் சாய்ந்து நிற்பதில்லை. எலக்ட்ரான்கள் ஓயாமல் நகர்வதால் ஒரு கணம் ஒரு முனையில் கொஞ்சம் கூடும், அது பக்கத்து மூலக்கூறையும் தூண்டிவிடும், அவ்வளவுதான் ஈர்ப்பு. இதற்கு லண்டன் விசை என்று பெயர். ஊரின் பெயர் இல்லை, 1930இல் இதை விளக்கிய ஃபிரிட்ஸ் லண்டன் என்பவரின் பெயர். அசிட்டோனில் லண்டன் விசையோடு இன்னொன்றும் சேர்கிறது. அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பதால் மூலக்கூறுக்கு நிரந்தரமாக ஒரு நேர்முனை, ஒரு எதிர்முனை. ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையைப் பிடித்துக்கொள்ளும். ஐபிஏவில் ஆக்சிஜனோடு நேரடியாக ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. எலக்ட்ரானைப் பறிகொடுத்த அந்த ஹைட்ரஜன், அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை நெருங்கிப் பற்றுகிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் குழம்புகிறார்கள். தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிரிந்தால் திருப்பாதிரிப்புலியூர் டீக்கடை பாய்லர் ஒன்றுகூட மிஞ்சாது, எல்லாம் வெடித்துச் சிதறியிருக்கும். ஆவியும் தண்ணீர் மூலக்கூறுதான். மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 460 கிலோஜூல் தேவை. மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 கிலோஜூல் அளவுக்குப் போதும். அடுப்பு அறுப்பது இந்த இரண்டாவதை மட்டுமே.

தண்ணீர் அடங்காததற்கும் காரணம் இதுதான். ஹைட்ரஜன் சல்பைடு (அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அது) தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கந்தகத்துக்கு ஆக்சிஜன் அளவுக்கு எலக்ட்ரானை இழுக்கும் பலம் கிடையாது, அதனால் அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை.

எங்கள் பிரிவில் ஆளைப் படுத்தி எடுப்பது ஐபிஏவும் தண்ணீரும் கலந்து வரும் டிரம்கள். ஒன்று 82, இன்னொன்று 100, வித்தியாசம் 18 டிகிரி, சுலபமாகப் பிரித்துவிடலாம் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். நடப்பது வேறு. காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் உச்சியில் தெர்மாமீட்டர் 80 டிகிரியிலேயே நின்றுவிடும். வடிந்து வருவதில் ஐபிஏ சுமார் 88 சதவீதம், மீதி தண்ணீர். எத்தனை முறை திரும்பக் காய்ச்சினாலும் அதே அளவில்தான் வரும். ஐபிஏவின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், கார்பன் பக்கம் ஒட்டாது. கலந்தபின் இரண்டுக்குமே தன் இனத்தோடு இருந்தபோது கிடைத்த பிடிப்பு கிடைப்பதில்லை. பிடி தளர்ந்ததால் இரண்டும் தனித்தனிக் கொதிநிலையைவிடக் குறைந்த வெப்பத்தில் சேர்ந்தே கிளம்பிவிடுகின்றன. இதற்கு மாறாக் கொதிநிலைக் கலவை என்று பெயர். இதை உடைக்க சைக்ளோஹெக்சேன் சேர்த்துக் காய்ச்சலாம், அல்லது தண்ணீரை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும் நுண்துளைச் சல்லடை மணிகள் வழியாக அனுப்பலாம். நீராவி நிற்காமல் செலவாகும் வேலை, காசு கரையும்.

ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால்தான் கொதிநிலை உயரும் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். டொலுவீன் என்ற கரைப்பானில் அது கிடையாது, முனைத்தன்மையும் மிகச் சொற்பம். இருந்தும் 110 டிகிரி, தண்ணீரையே தாண்டிவிடுகிறது. மூலக்கூறு பெரிதாகி எலக்ட்ரான் கூடக் கூட லண்டன் விசையும் ஏறிக்கொண்டே போகும். மெழுகுவத்தி திடமாக நிற்பதே அந்த ஒன்றை வைத்துத்தான். பாடத்தில் 'வலிமை குறைந்த விசை' என்று படித்துவிட்டு அதை ஒதுக்குவது எனக்கு ஒப்பாது.

எடை மட்டும் போதாது, வடிவமும் முக்கியம். மார்கழிக் காலையில் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருபது, இருபத்தொரு டிகிரி வரை இறங்கும். அன்றைக்கு அலமாரியில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் கலகலவென்று ஊற்றும். தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு நிறைவுற்ற (கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இல்லாத) கொழுப்பு அமிலங்கள், அவற்றின் கார்பன் சங்கிலி நேரானது. நேரான விறகை நெருக்கி அடுக்கலாம், கோணல் விறகு இடைவெளி விடும், அதே கதைதான். நல்லெண்ணெயின் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு வரும் இடமெல்லாம் ஒரு வளைவு. நெருங்கி உட்கார முடியாததால் லண்டன் விசைக்குப் பிடி கிடைப்பதில்லை. தேங்காய் எண்ணெய் உருகுவது சுமார் 24 டிகிரியில். அதனால் குளிரில் உறைந்ததைப் பார்த்து மெழுகு கலந்துவிட்டான் என்று செட்டியார் கடையில் சண்டைக்குப் போக வேண்டாம். அந்தக் குளிரிலும் உறையாமல் நின்றால் அப்போது கேளுங்கள்.