டோக்கியோவில் விருந்தினரோடு ஒரு மாலை: எங்கே செல்வது, எதைத் தவிர்ப்பது

அன்புள்ள தம்பி,

டோக்கியோவின் கிழக்குப் பகுதியான நிஷி-கசாயில் அண்மையில்தான் குடியேறியிருப்பதாகவும், அடுத்த மாதம் ஊரிலிருந்து மனைவியும் மைத்துனரும் ஒரு வாரம் வந்து தங்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். மாலை வேளைகளில் அவர்களை எங்கே அழைத்துச் செல்லலாம், ஷிஞ்சுகு பக்கம் இரவில் போவது ஆபத்து என்று அலுவலகத்தில் சொல்வது உண்மையா என்பன உங்கள் கேள்விகள். மனைவி சைவம், மது அருந்தாதவர் என்பதையும், மைத்துனர் எதையும் சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இங்கே நெடுங்காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆபத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம். டோக்கியோவின் தெருக்களில் இரவு பதினோரு மணிக்குக் குடும்பத்தோடு நடந்து போவதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஏமாற்று வேலை நடப்பதெல்லாம், யாரோ ஒருவர் உங்களை அழைத்துக்கொண்டு போய் உட்காரவைக்கும் கடைக்குள்தான். ஷிஞ்சுகு நிலையத்தின் கிழக்கே உள்ள கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவில், ஆங்கிலத்திலும் சில சமயம் இந்தியிலும்கூடப் பேசியபடி, ஒரு மணி நேரத்துக்கு மூவாயிரம் யென் கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று ஆசை காட்டி அழைக்கும் ஆட்கள் நிற்பார்கள். உள்ளே போன பிறகு மேசைக்கு, சேவைக்கு, உடன் உட்கார்ந்து பேசியவருக்கு, அவர் குடித்ததற்கு என்று தனித்தனியே கணக்கு ஏறி, பற்றுச்சீட்டு பல பத்தாயிரம் யென்னில் வந்து நிற்கும். பானத்தில் மயக்க மருந்து கலந்து கடன் அட்டையைப் பயன்படுத்திக்கொள்வதும் நடந்திருப்பதால், வெளிநாட்டுத் தூதரகங்கள் தங்கள் குடிமக்களை எச்சரித்திருக்கின்றன. இப்படித் தெருவில் நின்று ஆள் பிடிப்பது சட்டப்படியே தடைசெய்யப்பட்டது. அவர்களைப் பின்தொடராதீர்கள் என்று கபுகிச்சோவின் ஒலிபெருக்கிகள் மாலை முழுவதும் அறிவித்துக்கொண்டேயிருக்கும். நல்ல கடைக்கு நம்மைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டிய தேவை இல்லை என்ற ஒரே விதியை மைத்துனரிடம் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். கடையை நீங்களே தேர்ந்தெடுத்து, வாசலில் விலைப்பட்டியல் தொங்குகிறதா என்று பார்த்து நுழையும் வரையில், கபுகிச்சோவும் வேடிக்கை பார்க்கத் தகுந்த இடம்தான். போருக்குப் பின் இங்கே ஒரு கபுகி நாடக அரங்கு கட்டுவதாகத் திட்டமிட்டு அந்தப் பெயரை வைத்தார்கள். அரங்கு கடைசிவரை வரவேயில்லை.

அடுத்தது கடிகாரம். இந்த ஊரின் இரவைத் தீர்மானிப்பது கடைசி ரயில். பெரும்பாலான தடங்களில் நள்ளிரவை ஒட்டியோ அதைச் சற்றுக் கடந்தோ வண்டிகள் நின்றுவிடும். அதன் பிறகு காலை ஐந்து மணியை ஒட்டித்தான் முதல் வண்டி. வாடகைக் காருக்கு இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை இருபது விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு. ஷிஞ்சுகுவிலிருந்து நிஷி-கசாய் போன்ற தொலைவுக்கு அந்தச் செலவில் மூவரும் இன்னொரு முறை விருந்துண்ணலாம். ஆகவே ஊர்ப் பெயரைக் கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுக்காமல், உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் தோசாய் சுரங்க ரயில் தடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள் என்பதே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சுற்றுலாக் கையேடுகள் ஷிபுயாவையும் ரொப்பொங்கியையும் முன்னால் நிறுத்துகின்றன. ஆனால் உங்கள் தடத்திலேயே, ஒரு முறைகூட வண்டி மாறாமல், அவற்றைவிட நல்ல மாலைகள் இரண்டு காத்திருக்கின்றன.

ஒன்று மொன்சென்-நகாச்சோ. உங்கள் நிலையத்திலிருந்து நகரத்தை நோக்கிப் போகும்போது நான்காவது நிறுத்தம். ஃபுகாகவா ஃபுதோ கோயிலும் தொமியோகா ஹச்சிமான் ஆலயமும் அருகருகே இருப்பதால், கோயில் வாசலைச் சார்ந்து வளர்ந்த பழைய கடைத்தெரு அது. அந்தி சாயும் முன் கோயிலைப் பார்த்துவிட்டு, பின்னர் தத்சுமி ஷிந்தோ என்ற குறுகிய சந்துக்குள் நுழைந்தால், ஏழெட்டுப் பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்னச் சின்ன மதுக்கடைகள் வரிசையாகச் சிவப்பு விளக்கு ஏற்றியிருப்பதைக் காணலாம். சுற்றுலாக் கூட்டத்துக்கு முன்பாகவே அக்கம்பக்கத்து வேலைக்காரர்கள் வந்து அமர்ந்திருக்கும் இடம் என்பதால், மைத்துனருக்கு உண்மையான டோக்கியோ எது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. மட்டிக் கறியோடு சோறு சேர்ந்த ஃபுகாகவா-மேஷி இந்தப் பகுதியின் பெயர் பெற்ற உணவு. அவர் அதைச் சாப்பிடட்டும்.

மற்றொன்று ககுராசகா. அதே தடத்தில் நகர மையத்தைக் கடந்து அப்பால் உள்ளது. ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கெய்ஷாப் பெண்கள் முன்பு வாழ்ந்த பகுதி. கல் பாவிய சந்துகளும், கறுத்த மரவேலிகளும், அவற்றுக்கிடையே நிறையப் பிரெஞ்சு உணவகங்களும் இருக்கின்றன. மது அருந்தாதவரும் வெறுமனே நடந்து மகிழக்கூடிய மேட்டுத்தெரு என்பதால், உங்கள் மனைவிக்கான மாலை இதுதான் என்பேன்.

ஷிஞ்சுகுவைப் பார்க்காமல் அவர்கள் ஊர் திரும்ப மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில் உள்ள பார்வைத் தளத்துக்குக் கட்டணம் கிடையாது. 2024 பிப்ரவரி முதல் அதே கட்டடத்தின் சுவர்மீது மாலை வேளைகளில் ஒளிக்காட்சியும் நடத்துகிறார்கள், அதுவும் இலவசம். அங்கிருந்து நடந்து வந்தால் ரயில் பாதையை ஒட்டி ஒமோய்தே யோகோச்சோ. போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையாகத் தொடங்கிய அந்தச் சந்தில் கரியடுப்பில் கோழித் துண்டுகளைச் சுடும் புகை முகத்தில் அடிக்கும். சைவர்களுக்கு அங்கே நின்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கிழக்குப் பக்கத்தில், ஹனசோனோ ஆலயத்தை ஒட்டிய கோல்டன் காய் பகுதியில், ஆறு குறுகிய சந்துகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட சிறு மதுக்கடைகள் அடைந்து கிடக்கின்றன. வழக்கமான வாடிக்கையாளர்களை மட்டுமே ஏற்கும் கடைகள் அவற்றில் உண்டு. எனவே கதவில் ஆங்கிலத்தில் விலையும் இருக்கைக் கட்டணமும் எழுதியிருக்கும் கடையாகப் பாருங்கள். மூவருக்கு மேல் கூட்டமாகப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் அந்தச் சந்துகளைப் படம் பிடிக்காதீர்கள். ஷிஞ்சுகுவிலிருந்து சோபு தடத்தில் ஈதாபாஷி வந்து தோசாய் தடத்துக்கு மாற வேண்டியிருப்பதால், பதினொன்றரைக்குள் எழுந்துவிடுவது நல்லது.

இனிக் கடைக்குள் நடக்கும் முறைகள். இசகாயா எனப்படும் மதுவும் சிற்றுணவும் சேர்ந்த கடைகளில், உட்கார்ந்தவுடன் நீங்கள் கேட்காத ஒரு சிறு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஓதோஷி எனப்படும் அதற்கு ஆளுக்கு முந்நூறு முதல் ஐந்நூறு யென் வரை கணக்கில் சேரும். அது ஏமாற்று இல்லை, இருக்கைக்கான கட்டணமே என்று புரிந்துகொண்டால் பற்றுச்சீட்டைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டியிருக்காது. ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்பது எழுதப்படாத வழக்கம். குளிர்ந்த ஊலோங் தேநீர் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும், உங்கள் மனைவி அதைக் கேட்பதில் யாருக்கும் வியப்பிருக்காது. கூட்டமான நாட்களில் இரண்டு மணி நேரம் மட்டுமே இடம் தருவார்கள். பத்து மணிக்கு மேல் சில கடைகள் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கும். அன்பளிப்புப் பணம் வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். சிறு கடைகள் பல இன்னும் ரொக்கத்தை மட்டுமே வாங்குகின்றன. 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைபிடிப்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருந்தாலும், பணியாளர் வைத்துக்கொள்ளாத சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு; வாசலில் உள்ள அறிவிப்பைப் பார்த்து நுழையுங்கள்.

சைவ உணவுதான் உங்களுக்கு உண்மையான சோதனை. இறைச்சி இல்லையென்றால் சைவம் என்று இங்கே பலர் நினைப்பதால், கடைக்காரர் நல்ல மனத்தோடு தலையாட்டினாலும் ஏமாற்றம் நேரலாம். பெரும்பாலான குழம்புகளுக்கும், கீரைக்கும், வேகவைத்த காய்க்கும் அடிப்படை தாஷி என்னும் சாறு. அது கடற்பாசியோடு, நம் மாசிக்கருவாட்டின் உறவுக்காரனான உலர்ந்த சூரைமீனையும் சேர்த்துக் காய்ச்சியது. அதே மீனைச் சீவி, டோஃபு என்னும் சோயாக் கட்டியின் மேலும் தூவுவார்கள். ஆகவே, வேகவைத்த பச்சைச் சோயா பயறு, சூரைத்தூவல் இல்லாமல் குளிர்ந்த டோஃபு, உப்பு மட்டும் தூவிச் சுட்ட ஷிஷிதோ மிளகாய், வெள்ளரி வைத்துச் சுருட்டிய சுஷி ஆகியவற்றைக் கேளுங்கள். மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புரா சொன்னால் தொட்டுக்கொள்ளும் சாற்றை விலக்கி உப்போடு சாப்பிடலாம். ஆனால் இறால் பொரித்த அதே எண்ணெயாக இருக்கும், அதை ஏற்பதா வேண்டாமா என்பதை உங்கள் மனைவியே முடிவு செய்யட்டும். இசகாயாவில் அரைப் பட்டினியாக அவரை உட்காரவைப்பதைவிட, ஆறு மணிக்கு டோக்கியோ நிலையத்துக்குள் உள்ள டீஸ் டான்டானில் விலங்குப் பொருளே சேராத ராமென் நூடுல்ஸ் சாப்பிட வைத்துவிட்டு, பிறகு மைத்துனருக்காக ஒரு கடைக்குப் போவது எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் கடை பயணச்சீட்டு வாயிலுக்கு உள்ளே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஒரே நிறுத்தம்தான் யூராக்குச்சோ. 1910ஆம் ஆண்டளவில் கட்டிய செங்கல் வளைவுகளின் கீழே, தலைக்கு மேல் ரயில் ஓடும் கடைகளில் அலுவலக ஆட்கள் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஷிபுயாவைப் பகலிலோ அந்தியிலோ பார்த்தால் போதும். 2024 அக்டோபர் முதல் அந்த நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் மாலை ஆறு முதல் காலை ஐந்து வரை மது அருந்துவதற்கு ஆண்டு முழுவதும் தடை இருக்கிறது என்பதை மட்டும் மைத்துனருக்குச் சொல்லிவையுங்கள். ரொப்பொங்கியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

விருந்தினர் இருவரும் கடவுச்சீட்டையும், நீங்கள் குடியிருப்பு அட்டையையும் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். காவலர் கேட்டுக் காட்ட முடியாவிட்டால் அபராதம் உண்டு. மது வாங்க இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், மைத்துனர் இளைஞராகத் தோற்றமளித்தால் கடையிலும் வயதைக் கேட்பார்கள். நிஷி-கசாய்க்காரர்கள் நிலையம்வரை மிதிவண்டியில் போவது வழக்கம். குடிக்கும் எண்ணம் இருக்கும் மாலையில் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2024 நவம்பர் முதல் வரம்புக்கு மேல் மது அருந்தி மிதிவண்டி ஓட்டினால் மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கலாம். தள்ளிக்கொண்டு நடந்தால் குற்றமில்லை. கடைசி ரயிலை விட்டுவிட்டால், நிலையத்தின் அருகே விடியும்வரை திறந்திருக்கும் கரவோக்கே கடை ஒன்றில் தனியறை எடுத்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் சேர்ந்து வாடகைக் காரைவிட அது மலிவு. கைபேசியை இணைக்க வசதியுள்ள அறையாகக் கேட்டு வாங்கினால் தமிழ்ப் பாட்டும் பாடலாம்.