சிவப்பு விளக்கு எரியாதது நல்லதா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் அப்பா 2004-ல் வாங்கிய 18 எச்.பி. மினி டிராக்டர் ஓடுகிறது. இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். ரொட்டவேட்டர் போட்டு உழுத மறுநாள் ஒரே சாவியில் செல்ஃப் எடுக்கிறது. டிரெய்லரில் தேங்காய் இழுத்த மறுநாள் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடையில் டைனமோவைக் கழற்றி பெஞ்சில் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வண்டி ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் ஒருநாள் 14.1 வோல்ட், ஒருநாள் 12.2. மீட்டர் போர்டில் பேட்டரி சார்ஜுக்கான சிவப்பு விளக்கு எரிவதே இல்லை என்பதால் சார்ஜ் ஏறுகிறது என்றுதான் இருந்தோம். மீட்டர் போர்டு பல்புகளைத் தம்பி எப்போதோ எல்.இ.டி.யாக மாற்றிவிட்டான், அதனால் கரண்ட் செலவும் குறைவுதான். பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகி, ஆனைமலை

பதில்: தங்கச்சி, 'எரிவதே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். வண்டி ஓடும்போது எரியக் கூடாது, சரி. சாவியைத் திருப்பி, செல்ஃப் அடிப்பதற்கு முன்னால்? அப்போது எரிந்தே ஆக வேண்டும்.

டைனமோ என்று நாம் கூப்பிட்டாலும் உங்கள் வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டராகத்தான் இருக்கும். அதன் உள்ளே சுற்றுகிற ரோட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது. இரும்பும் செம்புக் கம்பிச் சுற்றும்தான். முதலில் வெளியிலிருந்து கொஞ்சம் கரண்ட் கொடுத்தால்தான் அது காந்தமாகும், அப்புறம்தான் தன் கரண்டைத் தானே எடுத்துக்கொள்ளும். பம்புசெட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எடுத்துவிடுகிறோமே, அதே கதை. இங்கே அந்தக் குடம் தண்ணீர் சாவியிலிருந்து சிவப்பு விளக்கு வழியாகத்தான் போகிறது. அது வெறும் எச்சரிக்கை விளக்கு என்று நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பழைய 2 வாட் குண்டு பல்பு வழியாக ஏறக்குறைய 170 மில்லி ஆம்பியர் போகும். எல்.இ.டி.யில் 10, 20 மில்லி ஆம்பியர் போனால் பெரிது. நேராக மாட்டினால் மினுக்கென்று எரியும், ஆனால் ரோட்டருக்குப் போதாது. திருப்பி மாட்டினால் எரியவும் எரியாது, ஒன்றும் போகாது. உங்கள் தம்பி திருப்பித்தான் மாட்டியிருக்கிறார் என்பது என் கணக்கு.

பிறகு ரொட்டவேட்டர் நாளில் மட்டும் எப்படி ஏறுகிறது? ரோட்டர் இரும்பில் பழைய காந்தம் துளி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை நன்றாகக் கொடுத்தால் அந்தத் துளியை வைத்தே பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பிடித்தால் எஞ்சினை அணைக்கும்வரை விடாது. உங்கள் 14.1 அப்படி வந்தது. தேங்காய் இழுக்கும்போது மெதுவாக உருட்டுகிறோம், குவியலுக்குக் குவியல் நிறுத்தி அணைக்கிறோம், திரும்ப செல்ஃப் அடிக்கிறோம். செலவு மட்டும்தான், வரவு இல்லை. கடை பெஞ்சில் அந்த முதல் கரண்டை பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துவிடுவார்கள், அதனால் அங்கே நன்றாகத்தான் ஓடும்.

நானும் ஒருமுறை இதே சிக்கலில் பிரஷ் (சுற்றுகிற ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு), வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எல்லாம் மாற்றி, கடைசியில் ஃபியூஸ் போன பல்பைக் கண்டுபிடித்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

சோதிப்பது எளிது. ஆல்டர்னேட்டர் பின்னால் 'எல்' என்று போட்ட முனையில் மெல்லிய ஒயர் ஒன்று வரும். எஞ்சினை அணைத்து, அதைக் கழற்றி, சாவியை மட்டும் போட்டு, ஒயர் முனையை எஞ்சின் பாடியில் தொடுங்கள். விளக்கு எரியாவிட்டால் கோளாறு பல்பு, ஹோல்டர், ஒயர் இதற்குள்தான். குண்டு பல்பைப் போட்டு அது எரிந்தும், ஒயரைத் திரும்ப 'எல்' முனையில் மாட்டினால் அணைந்துவிடுகிறது என்றால் மட்டும் பிரஷ்ஷைப் பாருங்கள். பக்கத்தில் தடியாக வரும் 'பி' ஒயரைத் தொட்டுவிடாதீர்கள். அது நேரே பேட்டரி, பொறி பறக்கும்.

12 வோல்ட் 2 அல்லது 3 வாட் குண்டு பல்பு சின்னக் காசுதான். எல்.இ.டி.தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால், அதை நேராக மாட்டி, இரண்டு முனைக்கும் குறுக்கே 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று கட்டச் சொல்லுங்கள். சூடாகும், பிளாஸ்டிக்கை விட்டுத் தள்ளி வையுங்கள். அப்புறம் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து அளந்தால் 13.8-லிருந்து 14.4-க்குள் காட்ட வேண்டும். பெல்ட் தொளதொளப்பையும் எர்த் ஒயர் பூத்திருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கி, 'அணையவில்லை பார், சார்ஜ் ஏறுகிறது' என்று யாராவது வித்தை காட்டினால் கையைப் பிடித்துத் தடுங்கள். டீசல் எஞ்சின் பேட்டரியை நம்பி ஓடுவதில்லை, எடுத்தாலும் ஓடும். ஆனால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும்.

இப்போதுள்ள பேட்டரியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெளியே கொடுத்து நிதானமாக சார்ஜ் போடச் சொல்லுங்கள், பேட்டரி அளவு 60 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) என்றால் 6 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். ஓர் இரவு சும்மா விட்டு அளந்து 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் இன்னும் உழைக்கும். 12-க்குக் கீழே இறங்கினால் விட்டுவிடலாம்.

ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஏ.சி.யில் சொட்டுகிற தண்ணீரும் காயிலைத் தொட்டு வருவது. டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கி, பிளேட் மூழ்கி அரை விரல் நிற்கிற அளவுக்கு ஊற்றுங்கள், அதுவும் சார்ஜ் போட்டு எடுத்த பிறகு.